அறுவர் கால்பந்தில் தடுப்பு வியூகம்

அறுவர் கால்பந்து, அமெரிக்கக் கால்பந்தின் சிற்றூர் வடிவம். அணிக்குப் பதினொருவர் ஆடும் ஆட்டத்தை ஆறு பேருக்கென்று சுருக்கி அமைத்தது இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கூட்டாளிக்கு எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடப்பதே ஆட்டத்தின் நோக்கம். அப்படிக் கடப்பது டச் டவுன் எனப்படும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது தன் ஆறு பேரையும் எங்கே நிறுத்துவது, யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்ற ஏற்பாடே தடுப்பு வியூகம். வியூகங்களை முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை எண்ணிப் பெயரிடுவர். 3-2-1 என்றால் முன்னே மூவர், நடுவே இருவர், கடைசியில் ஒருவர்.

தோற்றம்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், பதினொருவரைத் திரட்டவும் அவர்களுக்கான உபகரணங்கள் வாங்கவும் இயலாத சிறு பள்ளிகள் அமெரிக்காவில் ஏராளம். நெப்ராஸ்கா மாநிலத்தில் செஸ்டர் என்ற சிற்றூரின் பள்ளி ஆசிரியர் ஸ்டீபன் எப்ளர், அவற்றுக்காக 1934இல் இந்த ஆட்டத்தை வகுத்தார். முதல் போட்டி அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஹெப்ரான் நகரில் நடந்தது. இரண்டிரண்டு பள்ளிகள் சேர்ந்து அமைத்த அணிகள் மோதிய அந்தப் போட்டி 19–19 என்று சமனில் முடிந்தது. 1938இல் ஆட்டம் டெக்சாஸை எட்டியது. அங்கே 1972 முதல் மாநில வாகையர் பட்டம் வழங்கப்படுகிறது. இன்று டெக்சாஸில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பள்ளிகள் இதை ஆடுகின்றன. மொன்டானா, நெப்ராஸ்கா, கனடாவின் சஸ்காச்சுவான் ஆகிய பகுதிகளிலும் இது ஆடப்படுகிறது. பின்னாளில் தொழில்முறைக் கால்பந்துக் கழகமான என்எஃப்எல்லில் வீரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கிய ஜாக் பார்டீ, டெக்சாஸின் கிறிஸ்டோவல் பள்ளியில் அறுவர் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்.

தடுப்பைத் தீர்மானிக்கும் விதிகள்

அறுவர் ஆட்டத்தின் மைதானம் 80 யார்டு நீளம், 40 யார்டு அகலம் கொண்டது. பதினொருவர் மைதானத்தில் ஒரு தடுப்பாளரின் பங்குக்குச் சுமார் 485 சதுர யார்டு வரும். இங்கே அது 533 ஆகிறது. மைதானம் சுருங்கினாலும் ஒவ்வொருவரும் காக்க வேண்டிய நிலம் கூடியிருக்கிறது.

பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க, தாக்கும் அணி நான்கு முயற்சிகளில் 15 யார்டு முன்னேற வேண்டும். பதினொருவர் ஆட்டத்தில் 10 யார்டு போதும். முயற்சிக்கு 3 யார்டு வீதம் நான்கு முறை விட்டுக்கொடுத்தால் 12 யார்டு ஆகும். பதினொருவர் ஆட்டத்தில் அது எதிரணிக்குப் போதுமானது. அறுவர் ஆட்டத்தில் பந்து நம் கைக்கு வந்துவிடும். ஆகவே சிறு முன்னேற்றத்தைப் பொறுத்துக்கொண்டு பெரிய ஓட்டத்தை மட்டும் அடைக்கும் தடுப்பு இங்கே பலன் தரும்.

மூன்றாவது விதி, முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் தரும் பந்தை (ஸ்நாப்) பெற்றவர், முயற்சி தொடங்கும் கோட்டை அப்படியே தாண்டி ஓடக்கூடாது என்பது. பந்து முதலில் இன்னொருவர் கைக்கு மாற வேண்டும். அந்தக் கைமாற்றம் நடக்கும் கணமே தாக்கும் அணியின் பலவீனமான கணம்.

நான்காவது விதி, ஆறு பேரும் எறிந்த பந்தைப் பிடிக்கலாம் என்பது. சென்டரும் விலக்கல்ல. ஒருவர் எறிந்தால் மற்ற ஐவரையும் கவனிக்க வேண்டும்.

முதன்மையான வியூகங்கள்

3-2-1: முன்வரிசையில் இரு ஓரங்களிலும் எண்ட் எனப்படும் ஓர ஆட்கள், நடுவில் சென்டருக்கு நேரே ஒருவர். பின்னால் இரண்டு லைன்பேக்கர்கள், கடைசியில் சேஃப்டி. நெருக்கமாக நின்று ஓடித் தாக்கும் அணிக்கு எதிராக இது வலுவானது. நடுவில் நிற்பவர் சட்டென்று பாய்ந்தால் கைமாற்றமே குலையும். ஓரங்களில் வீசப்படும் குறுகிய எறிதல்களுக்கு இது எளிதில் இடம் கொடுத்துவிடும். இரண்டு லைன்பேக்கர்கள் 40 யார்டு அகலத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது.

2-3-1: முன்னே இருவர், நடுவே மூவர், கடைசியில் ஒருவர். ஓரம் சுற்றி ஓடுவதையும் குறுகிய எறிதலையும் ஒருசேரச் சமாளிக்கும் நடுநிலையான வியூகம். 15 யார்டுக் கணக்கை நம்பிப் பொறுமையாக ஆடும் அணிக்குப் பொருத்தமானது. எறிபவர் மீது அழுத்தம் குறைவாக விழுவதும், நடுவழியே நேராகப் பாயும் ஓட்டம் சில யார்டு பெறுவதும் இதன் குறைகள்.

3-1-2: மூவர் பாய்வர், இருவர் ஆழத்தில் காப்பர். நடுவே தனியாக நிற்கும் லைன்பேக்கரே இதன் உயிர்நாடி. எதிராளியின் எண்ணத்தைப் படிக்கும் கண்ணும் இரு பக்கமும் ஓடும் காலும் அவருக்கு வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத அணி இந்த வியூகத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

2-2-2: நீண்ட எறிதலை நம்பும் அணிக்கு எதிராகவும், எதிரணிக்கு அதிக யார்டு தேவைப்படும் முயற்சிகளிலும் பயன்படுவது. ஓட்டத்துக்கு இடம் கொடுக்கும். பெரிய இழப்பைத் தவிர்க்கும்.

எல்லைக்கோட்டருகே நிலைமை மாறும். முதுகுக்குப் பின்னால் காக்க வேண்டிய நிலம் குறைந்துவிடுவதால் 3-3 அல்லது 4-2 என்று முன்வரிசையை அடர்த்தியாக்கலாம்.

ஆளுக்கு ஆளா, இடத்துக்கு ஆளா

வரிசை எதுவானாலும், பந்து பிடிக்க ஓடுவோரை எப்படிக் காப்பது என்பது தனிக் கேள்வி. ஆளுக்கு ஆள் என்று பிரித்தால் ஐவரை ஐவர் பின்தொடர, எஞ்சும் ஒருவரே பாயலாம், அல்லது கடைசிக் காவலாக நிற்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் எதிரணியில் ஒருவரைக் கவனிப்பாரற்று விட நேரும். முதலில் தடுப்பதுபோல் நின்றுவிட்டு மெல்ல நழுவும் சென்டர்தான் பெரும்பாலும் அப்படி விடுபடுபவர்.

இடம் பிரித்துக் காக்கும் முறையில் ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பார்த்துக்கொண்டு, கண்ணைப் பந்தின் மீது வைத்திருப்பர். பந்து கைமாறிக்கொண்டே இருக்கும் இந்த ஆட்டத்தில் அது பெரிய வசதி. ஆளின் பின்னால் ஓடுபவர் பந்துக்கு முதுகு காட்ட நேர்வதால் கைமாற்றத்தைத் தவறவிடுவார். வேகத்தில் எதிரணிக்குச் சமமான அணி ஆளுக்கு ஆள் முறையை எடுக்கலாம். வேகம் குறைந்த அணிக்கு இடப் பிரிவே பாதுகாப்பு.

தேர்வுக்கான அளவுகோல்கள்

முதல் அளவுகோல் கையில் இருக்கும் ஆட்கள். டெக்சாஸின் அரசுப் பள்ளிகளில் 105 மாணவர்களுக்கும் குறைவானவையே அறுவர் பிரிவில் ஆடுகின்றன. ஒரே பிள்ளைகள் தாக்குதலிலும் தடுப்பிலும் இடைவிடாமல் ஓட வேண்டியிருக்கிறது. மூவர் ஓயாமல் பாயும் வியூகம் முதல் பாதியில் மிரட்டினாலும், மாற்று வீரர் இல்லாத அணியைக் கடைசிக் கால் பகுதியில் கைவிட்டுவிடும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கே முழுக்கப் பொருந்தும்.

இரண்டாவது, எதிரணி நிற்கும் முறை. நெருக்கமாக நின்றால் 3-2-1, விரிந்து பரவி நின்றால் 2-3-1 என்று தொடங்கலாம். விரிந்த நிலையில் எதிரணியின் எண்ட்கள் ஓரங்களுக்கு விலகுவதால் தடுப்பாளரும் விலக நேர்ந்து, நடுவில் ஓடுவதற்கு வழி திறக்கும். நடு லைன்பேக்கரை அங்கிருந்து நகர்த்தக் கூடாது.

மூன்றாவது, புள்ளி முறை. டச் டவுனுக்குப் பிந்தைய கூடுதல் உதைக்கு இங்கே 2 புள்ளி. ஓடியோ எறிந்தோ எடுத்தால் 1 புள்ளிதான். ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு 4 புள்ளி. எனவே உதையைத் தடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பாதி ஆட்டத்திலோ அதற்குப் பிறகோ 45 புள்ளி வித்தியாசம் வந்தால் போட்டி அத்துடன் முடிந்துவிடும். தடுப்பு சரிந்த அணிக்கு மீண்டெழ நேரமே கிடைக்காது.

பயிற்சி

பதினொருவர் ஆட்டத்தில் ஒருவர் கோட்டைவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். அறுவர் ஆட்டத்தில், ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் தவறினால் பெரும்பாலும் டச் டவுன். ஆகவே பயிற்சி நேரத்தின் பெரும் பகுதி திறந்த வெளியில் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்துவதற்கே போக வேண்டும். ஓடுபவரை உட்பக்கமிருந்து நெருங்கி, பக்கக் கோட்டை நோக்கித் துரத்தக் கற்பிக்க வேண்டும். அந்தக் கோடு களைக்காத ஏழாவது தடுப்பாளர். தலையை நிமிர்த்தித் தோளால் மோதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வற்புறுத்த வேண்டும். தலையைத் தாழ்த்தி மோதும் பிள்ளையின் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்து.

இரண்டு வியூகங்களை நன்கு பழகிய அணி, ஐந்தை அரைகுறையாக அறிந்த அணியைவிட உறுதியாக நிற்கும். பயிற்சியாளர் தெரிவு செய்ய வேண்டிய வரிசை இது: டேக்கிளைத் தவறவிடாத ஒருவரை முதலில் சேஃப்டியாகக் கடைசியில் நிறுத்த வேண்டும். அடுத்து நடு லைன்பேக்கர், அதன்பின் இரு ஓரங்கள். இவர்கள் அமைந்த பிறகே வியூகத்தின் எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.