மிதிக்கும் என்ஜினுக்கும் இடையில் புகுந்த பட்டன்

"சேர், ஸ்போர்ட் மோட் போட்டா என்ஜினுக்குப் பவர் கூடுமா?"

வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடியும் திறந்த பிறகு பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விற்பவர் "இதில மூணு மோட் இருக்கு" என்று சொல்லும்போது அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தானே விலை சொல்கிறார். ஒரு வரியில் பதில் சொன்னால் "பெரும்பாலும் இல்லை". ஆனால் ஏன் இல்லை என்பது விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பதிவு நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

1908இல் அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனி 'மொடல் டி' காரை வெளியிட்டது. அதன் ஸ்டியரிங்கின் கீழே இரண்டு பக்கமும் இரண்டு சிறிய நெம்புகோல்கள் இருந்தன. வலப்பக்கம் இருந்ததால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இடப்பக்கம் இருந்தது, சிலிண்டருக்குள் தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. வேகம் கூடும்போது பொறி முந்தி விழ வேண்டும். முன்னால் நின்று கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது பிந்தி விழ வேண்டும். அதை மறந்து சுற்றினால் கைபிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். அன்றைய சாரதி என்ஜினோடு நேரடியாகக் கதைத்துக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம். ஏற்றம் வந்தால் ஒரு மாதிரி, சம தரையில் இன்னொரு மாதிரி. எல்லாத் தெரிவும் அவர் கையில்.

பிறகு வந்த பொறியியலாளர்கள் இந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சாரதியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தானாகவே பார்த்துக்கொண்டது. நமது மூத்தவர்கள் ஓட்டிய மொரிஸ் மைனரில் காலையில் 'சோக்' இழுக்கும் வேலை மட்டும் மிச்சம் இருந்தது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களோடு ஆட்டோ கியரும் பெருமளவில் சந்தைக்கு வந்தது. கியர் மாற்றும் வேலையும் போனது.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. ஆட்டோ கியர் எப்போது மாற வேண்டும் என்பதை ஒயிலின் அழுத்தமும் சில வால்வுகளும் ஸ்பிரிங்குகளும் தீர்மானித்தன. அவற்றைத் தொழிற்சாலையில் ஒரு தடவைதான் சரிசெய்யலாம். சீக்கிரம் மேல் கியருக்குப் போனால் பெற்றோல் மிச்சம், ஆனால் ஏற்றத்தில் திணறும். பிந்திப் போனால் இழுவை நன்றாக இருக்கும், பெற்றோல் செலவாகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்து எல்லாருக்கும் அதையே கொடுத்தார்கள்.

1980களில் அந்த வேலை கணினிக்குப் போனதும் நிலைமை மாறியது. கியர் மாறும் வேகங்களை அட்டவணையாகக் கணினியின் நினைவகத்தில் வைக்கலாம். ஒன்றை வைக்க முடிந்தால் இரண்டை ஏன் வைக்கக்கூடாது? அந்த இரண்டில் எது என்று தெரிவு செய்யத்தான் பட்டன். பழைய டொயோட்டா ஆட்டோ கியர் வாகனங்கள் சிலவற்றில் 'பவர்' என்று ஒரு பட்டன் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் குதிரைவலு ஒன்றும் கூடாது. கியர் பிந்தி மாறும், அவ்வளவுதான். சில ஜப்பான் கார்களில் 'ஸ்னோ' என்றும் ஒரு பட்டன் இருந்தது. பனியில் சில்லு வழுக்காமல் இருக்க, கார் முதலாம் கியரை விட்டு இரண்டாம் கியரில் புறப்படும். பனியே விழாத நம் நாட்டில் அந்தப் பட்டன் சும்மா கிடந்தது என்று நினைக்க வேண்டாம். மழை காலத்தில் சேற்று நிலத்திலிருந்து காரை மெதுவாக எடுக்க உதவக்கூடியது அது.

அதே காலத்தில் சஸ்பென்ஷனும் மாறத் தொடங்கியது. 1983இல் டொயோட்டா தனது சோரர் காரில், மின்னணுவால் கட்டுப்படுத்தப்படும் ஷொக் எப்சோபர்களைக் கொண்டுவந்தது. அதன் விஷயம் எளிது. ஷொக் எப்சோபருக்குள் இருக்கும் ஒயில் ஒரு சிறிய துவாரம் வழியாகப் போய்வருகிறது. துவாரம் பெரிதானால் மெத்தென்று இருக்கும், சிறிதானால் இறுக்கமாகும். மேலே ஒரு குட்டி மோட்டாரை வைத்து அந்தத் துவாரத்தின் அளவை மாற்றினார்கள். குழி விழுந்த பாதைக்கு ஒன்று, வளைவில் வேகமாகத் திரும்ப இன்னொன்று.

ஆனால் இன்று நாம் 'டிரைவிங் மோட்' என்று சொல்வதற்கு உண்மையான கதவைத் திறந்தது வேறொரு மாற்றம். அதுவரை எக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து என்ஜினுக்கு ஒரு கேபிள் போனது. மிதியை அழுத்திய அளவுக்குக் கேபிள் இழுக்கும், காற்றுக் கதவு திறக்கும். 1987இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ தனது 12 சிலிண்டர் 750 காரில் அந்தக் கேபிளை எடுத்துவிட்டது. மிதி இப்போது ஓர் உணரி மட்டும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கணினிக்குச் சொல்லும்; கதவை எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கும். விலையுயர்ந்த அந்தக் காரில் தொடங்கியது, சாதாரண கார்களுக்கும் பின்னர் வந்துசேர்ந்தது. ஹைபிரிட் கார்களுக்கு இது பெரிதும் உதவுகிறது; ஒவ்வொரு விநாடியும் என்ஜினையும் மோட்டாரையும் எந்த அளவில் கலப்பது என்று கணக்குப் போடுவது கணினிதான்.

இந்த இடத்தைக் கவனமாக விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் இலகு. காலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் மிதியைப் பாதி அழுத்துகிறீர்கள். ஈக்கோவில் அவர் "கொஞ்சம் கேட்கிறார்" என்று என்ஜினிடம் சொல்கிறார். ஸ்போர்ட்டில் அதே பாதிக்கு "நிறையக் கேட்கிறார்" என்கிறார். முழுவதும் அழுத்தினால் பெரும்பாலான கார்களில் இரண்டும் ஒன்றுதான். மிதி தரையைத் தொட்ட பிறகு மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? இதோடு ஸ்போர்ட்டில் கியர் கீழேயே நிற்கும். மின் ஸ்டியரிங் தரும் உதவியைக் குறைத்துக் கொஞ்சம் கனமாக்குவார்கள். கனமாக இருப்பதால் கார் நன்றாகத் திரும்புவதில்லை, திரும்புவதுபோல் கைக்குத் தோன்றும். 2011இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5இல் என்ஜின் சத்தத்தையே ஒலிபெருக்கி வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். என் கண்ணுக்கு அது கொஞ்சம் ஏமாற்றுத்தான்.

பவர் உண்மையாகவே மாறிய கார்களும் உண்டு. 2005இல் வந்த எம்5 அதில் பிரபலமானது. பத்து சிலிண்டர் என்ஜின், மொத்தம் 507 குதிரைவலு. ஆனால் சாவியைப் போட்டு எடுத்தால் 400தான் கிடைக்கும். மீதி 107ம் பட்டனை அழுத்தினால்தான். இங்கும் பட்டன் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை, பூட்டிவைத்ததைத் திறந்துவிட்டது. 2006இல் சுபாரு லெகசியில் வந்த மூன்று நிலைச் சுவிட்ச்சிலும் முதல் நிலை என்ஜினின் பலத்தை அடக்கியே வைத்திருந்தது.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் மிக நேர்மையான பட்டன் 2004இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3இல் வந்தது. மணல், சேறு, பனியும் புல்லும், பாறை என்று தரையின் பெயரையே அதில் போட்டிருந்தார்கள். மணலைத் தெரிவு செய்தால் சில்லு கொஞ்சம் சுழல விட்டுவிடும், ஏனென்றால் மணலில் வேகம் விட்டுப்போனால் புதைந்துவிடுவீர்கள். பனிக்கு அதற்கு நேர்மாறு: மிதி மிக மெதுவாகவே பேசும். பாறைக்கு வாகனத்தின் உயரம் கூடும். சாரதி தெரிந்து செய்ய வேண்டிய நாலைந்து வேலையை ஒரு குமிழ் செய்தது. 'ஸ்போர்ட்' என்ற சொல் சாரதியின் மனநிலையைக் கேட்கிறது, இது பாதையைக் கேட்டது.

நம் ஊர்களுக்கு இந்த வரலாறு வந்தது ஹைபிரிட் வழியாக. 2009இல் ஹொண்டா இன்சைட்டில் பச்சை நிற ஈகொன் பட்டன் வந்தது. அதே ஆண்டில் மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் ஈவி, ஈக்கோ, பவர் என்று மூன்று பட்டன்களோடு வந்தது. 2011 டிசம்பரில் ஜப்பானில் அக்வா அறிமுகமானது. பிறகு நம் வீதிகளில் அக்வா நிறைந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 நெருக்கடியில் கியூஆர் கோட்டுக்கு வாரம் 20 லீட்டர் என்று ஆனபோது, அதுவரை ஈக்கோ பட்டனைத் தொடாத நானாமாரும் அதை அழுத்திவிட்டுத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள்.

அது மிச்சம் பிடித்ததா? பிடித்தது, ஆனால் என்ஜினை மாற்றி அல்ல. அவசரக் காலை அது அடக்கியது, ஏசியின் வேலையையும் கொஞ்சம் குறைத்தது. ஏற்கனவே மெதுவாக மிதிப்பவருக்கு ஏசியில் வருவதைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு. நண்பனின் காரை ஸ்போர்ட்டில் ஓட்டிப் பழகிய கால், வாப்பாவின் அக்வாவை ஈக்கோவில் எடுத்து கண்டி வீதியில் பஸ்ஸை முந்தப் போகிறது. வழக்கமாக அழுத்தும் அளவுக்கு அழுத்துகிறது, கார் வருவதில்லை. எதிரே லொறி. பவர் காரில் இல்லாமல் இல்லை, மிதியின் அடியில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க இரண்டு விநாடி போய்விடும். கடுகண்ணாவ ஏற்றத்திலும் இதே கதைதான். முந்துவதற்கு முன்பே ஈக்கோவை நிறுத்திவிடுங்கள். மறுபக்கம், ஈக்கோவில் பழகிய கால் ஸ்போர்ட்டில் இருக்கும் காரை நெருக்கமான தரிப்பிடத்திலிருந்து எடுக்கும்போது கார் பாயும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. வாகனம் இல்லாத நேரான வீதியில் 40, 50 வேகத்தில் போங்கள். காலை அசைக்காமல், பக்கத்தில் இருப்பவரை மோட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கார் முன்னே தள்ளினால் மிதியின் கணக்கு மாறியிருக்கிறது. என்ஜின் சத்தம் உயர்ந்தால் கியர் இறங்கியிருக்கிறது. கை கனத்தால் ஸ்டியரிங். ஒன்றுமே நடக்காமல் டேஷ்போர்டின் வெளிச்சம் மட்டும் சிவப்பானால், அந்த வெளிச்சத்துக்கு எத்தனை லட்சம் கொடுக்கலாம் என்று விற்பவரிடமே கேளுங்கள்.