சிறுநீரக ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்

வடக்கிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் லொறிகள் ஏ-9 வீதியில் வவுனியாவையும் மதவாச்சியையும் கடந்தே வருகின்றன. இந்த வீதியை அண்டிய உலர் வலயக் கிராமங்களில் 1990களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது. நோயாளிக்கு நீரிழிவு இல்லை, கடுமையான உயர் இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. காரணம் இன்னும் உறுதியாகாததால் ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்றே மருத்துவ உலகம் அதை அழைக்கிறது.

அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2013 இல் வெளியானது. ஆய்வுக்குட்பட்ட இடங்களில் ஆண்களில் 12.9 வீதமானோரிடமும் பெண்களில் 16.9 வீதமானோரிடமும் இந்நோய் காணப்பட்டதாக அது கூறியது. கடுமையான நிலையை எட்டியவர்களில் ஆண்களே அதிகம். தம்புள்ளை அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவ பிரதேசம் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் நோயாளர்கள் இனங்காணப்பட்டுள்ளனர். இந்தியாவில் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் உண்டு.

இந்தப் பகுதிகளில் சிறுநீரகப் பிரச்சினை என்று கிளினிக் போகிறவருக்கு இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எழுதப்படுகிறது. “ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்” என்ற ஆறுதலோடு பலர் வீடு திரும்புகிறார்கள். அந்த ஆறுதல் எந்த அளவுக்குச் சரி?

வைத்தியர் படத்தில் எதைத் தேடுகிறார்?

அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உடலுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்கும் முறை. கதிர்வீச்சு இல்லை. வலியும் இல்லை. சிறுநீரகப் படத்தில் நான்கு விடயங்கள் முக்கியமாகப் பார்க்கப்படும்.

முதலாவது அளவு. வளர்ந்தவரின் சிறுநீரகம் பொதுவாக 9 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமாக இருக்கும். நீண்டகாலம் நோயுற்ற சிறுநீரகம் சுருங்கும். இரண்டாவது வெண்மை. ஆரோக்கியமான சிறுநீரகத்தின் வெளிப்பகுதி படத்தில் ஈரலின் நிறத்திலோ அதைவிடச் சற்றுக் கறுப்பாகவோ தெரியும். உள்ளே தழும்பு படர்ந்தால் வெண்மை கூடும். அறிக்கையில் ‘எக்கோஜெனிசிற்றி’ கூடியிருக்கிறது என்று எழுதுவது இதைத்தான். மூன்றாவது, வெளிப்பகுதியின் தடிப்பும் அதற்கும் உட்பகுதிக்கும் இடையிலான எல்லையும். நோய் முற்றினால் வெளிப்பகுதி மெலியும், எல்லை மங்கும். நான்காவது அடைப்பு. சிறுநீர் இறங்க வழியின்றித் தேங்கினால் சிறுநீரகத்தின் நடுப்பகுதி விரிந்து கறுப்பாகத் தெரியும். கல் இருந்தால் வெள்ளைப் புள்ளியும் அதன் பின்னால் நிழலும் தெரியும்.

காரணம் அறியப்படாத நோய் முற்றிய நிலையில், இரண்டு சிறுநீரகங்களும் ஒரேமாதிரிச் சுருங்கி வெண்மையாகத் தெரிவது வழமை. ஆனால் வேறு பல நோய்கள் முற்றினாலும் படம் இப்படித்தான் இருக்கும். நீரிழிவால் பழுதான சிறுநீரகமோ நெடுங்காலம் வழமையான அளவிலேயே இருக்கலாம். ஆகவே படத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. கல், அடைப்பு, நீர்க்கட்டி போன்ற வேறு காரணங்களை விலக்குவதே இங்கு ஸ்கேனின் பெரிய பயன். தேவைப்பட்டால் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள்.

‘நோர்மல்’ என்ற சொல்

இந்நோய் தொடங்கும் காலத்தில் ஸ்கேன் முற்றிலும் வழமையாக இருக்கலாம். சிறுநீரில் புரதம் இறங்குவதும் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். வடிகட்டும் முடிச்சுகளைவிட, அவற்றைச் சுற்றியுள்ள நுண்குழாய்களையும் இடைப்பட்ட இழையத்தையுமே நோய் முதலில் தாக்குவதுதான் காரணம். ஆகவே இரத்தத்தில் கிரியற்றினின் அளவைப் பார்த்து, அதிலிருந்து ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ எனப்படும் வடிகட்டும் வேகத்தைக் கணிப்பது அவசியம். அது 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்ளப்படும். அந்த நிலையிலும் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

போர்க்காயம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

2009 இல் சுகாதார அமைச்சு இந்நோய்க்கு ஒரு வரையறை வகுத்தது. நீரிழிவு, நீண்டகால அல்லது கடுமையான உயர் இரத்த அழுத்தம், பாம்புக்கடி, காரணம் தெரிந்த சிறுநீர்த்தொகுதி நோய் ஆகியவை முன்னர் இருந்தவரை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இடம்பெயர்வின்போது புடையன் கடித்துத் தப்பியதை எந்த ஸ்கேனும் வைத்தியருக்குச் சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். போரில் காயப்பட்டவர்களிடம் இப்படிச் சொல்ல வேண்டியவை இன்னும் அதிகம்.

வலி மாத்திரை: பழைய காயத்தின் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் உண்டு. இவை சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்வதைக் குறைக்கக் கூடியவை. வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து இன்னும் கூடும்.

முள்ளந்தண்டுக் காயம்: முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை முழுமையாக வெளியேறாமல் அழுத்தம் மேலேறி, சிறுநீரகம் வீங்கலாம். உணர்வு இல்லாததால் வலி தெரியாது. கிருமித்தொற்றும் அடிக்கடி வரும். இவர்கள் நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் ஆண்டுக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் எடுப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. கால்கள் மெலிந்தவர்களுக்கும் அவயவம் இழந்தவர்களுக்கும் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் கிரியற்றினின் வழமைபோலக் காட்டலாம். ‘சிஸ்ரற்றின்-சி’ என்ற வேறொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

ஷெல் துண்டு: உடலில் துண்டோ சன்னமோ இருப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். இரும்புத் துண்டு கண்ணிலோ, முள்ளந்தண்டு வடத்துக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகிலோ இருந்தால், அது அசைவது பெரும் தீங்காகலாம். துண்டு இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. ஒருபோதும் கூடாது என்றில்லை. முதலில் எக்ஸ்ரேயில் அது இருக்கும் இடத்தைப் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். சாதாரண அல்ட்ராசவுண்டுக்கும் எக்ஸ்ரேக்கும் இந்த ஆபத்து இல்லை. ஆனால் வயிற்று எக்ஸ்ரேயில் தெரியும் துண்டைக் கல்லென்று தவறாக எண்ண இடமுண்டு. சி.ரி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதாயின், சிறுநீரகம் பலவீனமாக இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சொல்லத் தயங்குவது

துண்டு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பயந்து காயத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சொந்த மாவட்டத்துக்கு வெளியே, மொழி தெரியாத வைத்தியசாலையில் அந்தத் தயக்கம் இரட்டிப்பாகும். வைத்தியருக்குத் தேவையானது மூன்று தகவல்கள்தான்: உடலில் உலோகம் இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது. எந்தச் சூழலில் பட்டது என்பது ஸ்கேனுக்குத் தேவையில்லை. இதை ஒரு தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்து வைத்திருந்தால், பேச முடியாத இடத்தில் நீட்டலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விளக்கத்தைத் தமிழில் கேட்பது சலுகை அல்ல.

பழைய படங்களையும் அறிக்கைகளையும் எறியாதீர்கள். ஒரு ஸ்கேனைவிட, இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேன்கள் அதிகம் சொல்லும். சிறுநீரகம் 10 சென்ரிமீற்றரிலிருந்து 9க்கு வந்ததை ஒப்பிட்டுத்தான் அறியலாம். 2021 இல் பொலன்னறுவையில் திறக்கப்பட்ட தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலைக்குப் போனாலும் உள்ளூர் கிளினிக்குக்குப் போனாலும், அந்தக் கோப்பு உங்களோடு போகட்டும்.

அடுத்த முறை “ஸ்கேன் நோர்மல்” என்று சொன்னால், இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?