பிந்தி வரும் குரல்

கலஹாவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை வரலாற்று நூல்கள் தவறாமல் கூறும். தோட்டங்களில் உழைத்தோர் பாடிய பாட்டுகளுக்கு அத்தகைய சிறப்பு எளிதிற் கிட்டவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி நூலாக்கினார், சொற்கள் நிலைபெற்றன. மெட்டும் தப்பின் அடியும் ஏட்டில் அடங்குவன அல்லவே!

இன்று லயத்துக் காம்பராவிலேயே கணிப்பொறியின் துணைகொண்டு காமன் கூத்துப் பாட்டைப் பதிந்துகொள்ளலாம். முதலில் தப்பு, அதைக் கேட்டவாறே பாட்டு, பின்னர் துணைக்குரல் என ஒவ்வொன்றும் தனித்தடத்தில் ஏறும். ஆனால் மீட்டுக் கேட்கையில் குரல் தாளத்துக்குப் பிந்தி நிற்பதுண்டு. பழி முதியவரான பாடகர்மீது விழும். பிழையோ பெரும்பாலும் கருவியினுடையது.

இக்குறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஒலிநாடாக் கருவியில் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓட, இடைவெளி ஒன்றரை அங்குலமாயின், பத்தில் ஒரு வினாடி பிந்தும். ஆம்பெக்ஸ் நிறுவனம், பதியும் தலையையே ஒலிக்கவும் செய்து இத்தொல்லையை நீக்கியது. 1957 இல் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் லெஸ் பால் பெற்ற எட்டுத் தடக் கருவி இம்முறையில் அமைந்தது.

கணிப்பொறி வந்ததும் பழைய தொல்லை வேறு வடிவிற் புகுந்தது. ஒலி அட்டை வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து, அவற்றைத் தொகுதி தொகுதியாகவே ஒப்படைக்கும். தொகுதிக்கு 1,024 மாதிரிகளெனில் ஏறத்தாழ 23 மில்லிவினாடி கழியும். 128 எனில் 3. மிகச் சுருக்கினால் கணிப்பொறி ஈடுகொடாது படபடவென வெடிப்பொலி எழும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட ஏசியோ முறை, விண்டோசின் இடைப்படிகளைத் தவிர்த்து ஒலியை நேரே செலுத்தியது.

எஞ்சும் தாமதத்தை அளக்கச் சிறு கம்பியொன்றே போதும். அட்டையின் வெளிவாயிலை உள்வாயிலோடு இணைத்து, ஒரு தட்டொலியை அனுப்பிப் பதிந்தால், இரண்டு ஒலிகளுக்கும் உள்ள இடைவெளி திரையிலேயே தெரியும். குரல்தடத்தை அவ்வளவு முன்னே நகர்த்துதல் வேண்டும்.

தப்பை ஓர் அட்டையிலும் குரலை மற்றோர் அட்டையிலும் ஒருங்கே பதிவோருக்கு இவ்வுபாயம் உதவாது. ஒவ்வோர் அட்டைக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அவற்றுள் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலும் நிமிடத்துக்கு 3 மில்லிவினாடி விலகும். பத்தாம் நிமிடத்தில் 30. காமன் கூத்தோ விடியும்வரை நடப்பது. இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒரே அட்டையில் இணைப்பதே வழி.