சிங்கவரமும் உயிர்த்த ஞாயிறும்

சிங்கவரம் மலைப் படிகளை நான் முதன் முதலாக ஏறியது தேசிங்கு ராஜனுக்காக. இரண்டாம் தடவை ஏறியது ஒரு சிநேகிதருக்காக. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் தடவையைப் பற்றியது.

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சிங்கவரம். மலை மேல், பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குகைக் கோயில். உள்ளே ரங்கநாதர் அதே பாறையில் பள்ளி கொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைவிட இவர் நீளமானவர் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு யுத்தத்துக்குப் புறப்பட்ட தேசிங்கு, குலதெய்வமான இந்தப் பெருமாளிடம் விடை கேட்க வந்தானாம். "இன்று போகாதே" என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை, போனான். அது 1714-ஆம் வருஷம். அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பார்கள். அவனும் மாண்டான், கல்யாண கோலத்தைக் கலைத்துவிட்டு ஓடி வந்து அவனோடு நின்ற முஸ்லிம் தோழன் மகபத்கானும் மாண்டான். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்பது வழக்கு.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது சில மாத காலம். ஆனால் முந்நூறு வருஷமாக நாட்டுப்புறப் பாடகர்கள் அவனைச் சாகவிடவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. "பார்த்தீர்களா! வாள் கொன்றவனைப் பாட்டு பிழைக்க வைத்துவிட்டது" என்று மேடைகளில் பேசி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கர்வத்தைக் குறைத்தவர்தான் மேற்படி சிநேகிதர். செஞ்சிப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவருடைய மனைவி நர்ஸாக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு ஆடி மாதத்தில் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். துக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. அடுத்த வருஷம் புனித வாரத்தில் வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது: "ஈஸ்டருக்கு வாருங்கள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது."

சனிக்கிழமை பிற்பகலில் இருவரும் சிங்கவரம் மலை மேல் உட்கார்ந்திருந்தோம். ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு நான் பழைய பல்லவியை எடுத்தேன். "தேசிங்கைப் பாருங்கள், வாத்தியாரே. செத்தா போனான்? நினைக்கிறவர்கள் இருக்கிறவரையில்..."

அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"ஸார், தேசிங்கு பாட்டிலே உயிரோடு இருக்கட்டும். எனக்கு அவள் பாட்டிலே வேண்டாம். அவள் வலது கையிலே, ஊசி கொதிக்க வைக்கிற பாத்திரம் பட்டு ஒரு தழும்பு இருந்தது. அந்தக் கை வேண்டும்."

எனக்குப் பதில் வரவில்லை. வாத்தியார் பக்கத்தில் தெரிந்த திருநாதர் குன்றைக் காட்டினார்.

"அந்த மலையிலேயும் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறாரே, அதையும் சொல்லுங்கள்."

நேயர்களில் பலருக்கு அந்தக் குன்று தெரிந்திருக்கும். அங்கே ஒரு பாறை முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர் துறந்த இடம் அது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் தேடிப் படிக்கும் கல்வெட்டு. இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் நோற்று முடிந்ததைச் சொல்லும் பிற்காலக் கல்வெட்டும் அங்கே உண்டு. உடம்பு ஒரு தளை. வினை தீர்ந்த ஆன்மா அதை விட்டு மேலே போகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. சாவு வந்து பிடிக்கும் வரையில் காத்திராமல், தாமே நிதானமாக எதிரே நடந்து போன அந்த மகான்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

"பெரிய மனிதர்கள்," என்றார் வாத்தியார். "கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் எங்கள் வேதம் வேறு மாதிரி, ஸார். ஆன்மா பிழைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டால் ஈஸ்டரே வேண்டாமே. அது உடம்பைப் பற்றிய பேச்சு. அதுதான் எனக்கு இப்போது தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடம் வரும்போது, ஆடியிலிருந்து நான் வாயை மூடிக்கொள்கிறேன்."

கிறிஸ்தவம் கற்காத எனக்கு அன்று அவர் சொன்னதையும், பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

இறந்தவர் உடலோடு எழுவர் என்ற நம்பிக்கை யூதர்களிடையே வலுத்தது, இயேசுவுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்பு. அதற்குக் காரணம் தத்துவ விசாரம் அல்ல, அநியாயம். அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசன் யூதர்களின் மதத்தை அழிக்கப் புறப்பட்டான். கத்தோலிக்க பைபிளில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில், ஒரு தாயும் ஏழு பிள்ளைகளும் அவன் முன்னால் சித்திரவதைப்பட்டுச் சாகும் கதை வருகிறது. மூன்றாவது பிள்ளை தன் கைகளைத் தானே நீட்டுகிறான்: இவை கடவுள் கொடுத்தவை, அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். அரசன் வெட்டியதை ஆண்டவன் திருப்பித் தராவிட்டால் உலகத்தில் நியாயம் ஏது? உயிர்த்தெழுதல் என்ற எண்ணம் இந்தக் கேள்வியில் வளர்ந்தது. எல்லா யூதரும் அதை ஏற்கவில்லை, பரிசேயர் ஏற்றனர், கோயிலையும் செல்வாக்கையும் வைத்திருந்த சதுசேயர் மறுத்தனர்.

பிறகு கி.பி. 30-ஐ ஒட்டிய ஒரு பாஸ்கா பண்டிகையில் ரோமாபுரியின் அதிகாரிகள் நாசரேத்து இயேசுவைச் சிலுவையில் அறைந்தார்கள். அது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவு. மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்ததாக முதலில் சொன்னவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. கதை கட்டுகிறவன் எவனும் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான் என்று, கதை கட்டுவதே பிழைப்பான எனக்குத் தோன்றுகிறது. அதற்கு இருபது இருபத்தைந்து வருஷங்களுக்குள் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்து எழாவிட்டால் நம் நம்பிக்கை வெறுமையே என்று ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார். எழும் உடம்பு எப்படியிருக்கும் என்பதற்கு அவர் விதையை உவமை காட்டுகிறார். மல்லாட்டை விதைக்கும் செஞ்சி சீமைக்காரருக்கு இது விளங்கும்: மண்ணுக்குள் போவது ஒரு கொட்டை, வெளியே வருவது செடி. ஆனாலும் அது வேறொன்றின் செடி அல்லவே!

இருபதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர்களுக்குள்ளேயே இதில் வழக்கு எழுந்தது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் 1941-இல் செய்த புகழ்பெற்ற சொற்பொழிவில், உயிர்த்தெழுதலை நடந்த சம்பவமாகக் கொள்ள வேண்டாம், சீடர்களின் நம்பிக்கையிலும் பிரசங்கத்திலும் எழுந்ததே அது என்று வாதாடினார். 2003-இல் வெளிவந்த ஒரு பெரிய நூலில் ஆங்கிலேயர் என். டி. ரைட் அதற்கு நேர்மாறாக, உடலோடு எழுந்ததையே முதல் கிறிஸ்தவர்கள் கருதினார்கள், வேறு பொருள் சொல்ல இடமில்லை என்று எழுதினார். புல்ட்மன் கட்சியை நான் எடுத்துச் சொன்னபோது வாத்தியார் சிரித்துவிட்டார். "அவரும் தேசிங்கு பாட்டைத்தானே பாடுகிறார்!" என்றார்.

இந்தச் செய்தி செஞ்சிக்கும் புதிதல்ல. 1597-இல் நிகோலாஸ் பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் இங்கே வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். தாம் இந்தியாவில் கண்ட நகரங்களில் இதுவே பெரிது, போர்ச்சுகலில் லிஸ்பன் ஒன்றுதான் இதைவிடப் பெரிது என்று எழுதினார். பிற்பாடு லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, தமிழ்நாட்டில் அருளானந்தராகி, காவி உடுத்துத் தம் பணியைத் தொடங்கியது செஞ்சிச் சீமையின் எல்லைப் பக்கத்தில்தான். மறவ நாட்டில் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டன. முந்திய நாள் அவர் சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். ஓரியூரில் செம்மண்ணை அவருடைய ரத்தம் தோய்ந்த மண் என்று இன்றும் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள். மக்கபேயர் கதையில் கையை நீட்டிய அந்தப் பிள்ளையின் நம்பிக்கை இல்லாமல் ஒரு மனிதர் இப்படிச் சாகப் போயிருக்க முடியுமா?

பொழுது சாய்ந்தது. கீழே இறங்கினோம். இரவு வாத்தியாரோடு அவர் ஊர்ச் சிறு கோயிலுக்குப் போனேன்.

ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருவது. வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்குப் பின் வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் நம் பங்குனி உத்திரத்துக்கு முன்னே பின்னே வருவதுண்டு. பௌர்ணமி கழிந்துவிட்டபடியால் நிலா இன்னும் எழவில்லை. கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். வாசலில் புதுத் தீ மூட்டி, சாமியார் ஒரு பெரிய மெழுகுதிரியைக் கையில் வாங்கினார். அதில் சிலுவையையும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும், நடப்பு வருஷத்தின் எண்களையும் வரைந்தார். பிறகு சாம்பிராணி மணிகள் ஐந்தைத் திரியின் உடம்பில் பதித்தார்.

"ஐந்து காயம்," என்று வாத்தியார் காதோடு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. உயிர்த்து வந்தவர் புத்தம் புது மேனியோடு வரவில்லை, காயங்களோடு வந்திருக்கிறார். தோமா என்ற சீடர் நம்ப மறுத்து, ஆணி பாய்ந்த கைகளைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் அல்லவா? அந்தத் தோமாதான் நம் சென்னைக்கு வந்து கி.பி. 72-இல் மாண்டார் என்பது பாரம்பரியம். மயிலைச் சாந்தோம் கோயில் அவர் கல்லறை மேல் நிற்கிறது. அவர் கேட்டதும் கைதான். வாத்தியார் கேட்டதும் கைதான். தோமாவை யாரும் கோபிக்கவில்லை. பார் என்று காட்டப்பட்டது. தழும்புகள் அழியவில்லை என்றால், பட்டது எதுவும் வீணாகவில்லை என்று பொருள். ஒரு நர்ஸம்மாள் முப்பது வருஷம் பிறர் புண்ணைக் கழுவியதும் அதில் சேர்த்திதானே?

இந்த நம்பிக்கை இன்றைய கிறிஸ்தவருக்கு என்ன அர்த்தம் தருகிறது என்று என்னைக் கேட்டால், இவ்வளவுதான் சொல்லத் தெரியும். உடம்பு திரும்பக் கிடைக்கப் போவதென்றால், இன்று பசித்த உடம்பையும் அடிபட்ட உடம்பையும் அலட்சியம் செய்ய முடியாது. அநியாயமாகச் செத்தவன் கணக்கை மூடிவிட முடியாது. ஆஸ்பத்திரி கட்டியதும் குஷ்டரோகியைத் தொட்டதும் வெறும் தர்ம சிந்தனையால் மட்டுமல்ல. அவர்கள் ஈஸ்டரை உண்மையாக நம்பிய இடங்களில் அது நடந்தது. மறந்த இடங்களில் சவப்பெட்டிக்கும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டார்கள். இது வாத்தியாரே வருத்தத்தோடு சொன்னது.

பெரிய திரியிலிருந்து ஒருவர் திரிக்கு ஒருவர் திரியாக ஒளி பரவி, கோயில் நிறைந்தது. ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. சாமியார் கேள்வி கேட்கக் கேட்க, ஜனங்கள் நம்புவதாகப் பதில் சொன்னார்கள். உடலின் உயிர்ப்பைப் பற்றிய கேள்வி வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதை அல்ல என்று தோன்றியது. ஆனால் பக்கத்தில் ஒரு குரல், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்தங்கி, கரகரத்துக்கொண்டு, அந்தப் பதிலைச் சொன்னது.

விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மேற்கே நிலா இன்னும் இருந்தது. வாத்தியார் மனைவியின் கல்லறையைத் துடைத்து, ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்தார். காற்றில் அது அணைந்தது, மறுபடி ஏற்றினார்.

"நம்பிக்கை வந்துவிட்டதா, வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"வாயைத் திறந்துவிட்டேன், ஸார். மற்றது அவர் பாடு," என்றார்.

அவருடைய மதம் என்னுடையதாகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பஸ் ஏறுமுன் மறுபடி சிங்கவரத்துக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்தேன். திருப்பிய முகம் திருப்பியபடியே இருந்தது. இத்தனை நாளும் அதைத் தேசிங்கின் மேல் வந்த கோபம் என்று நினைத்திருந்தேன். சாகப் போகிற பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிய முகமாக அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு, பாட்டு ஒருவனைப் பிழைக்க வைத்துவிடும் என்று நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.