வெள்ளையாகப் பூசினால் ஆரஞ்சாக வெளியே வரும்! ஃபிளாஷிங் ஸ்லிப்பைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

விறகுச் சூளையில் வெந்த ஒரு டீ கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் வெளிர் ரோஸ், நடுவில் தீ நக்கிவிட்டுப் போன மாதிரி ஒரு சிவப்புத் தடம். யாரும் வண்ணம் தீட்டவில்லை, கிளேஸும் போடவில்லை. மேலே பூசியது வெள்ளை வெளேர் என்றிருந்த களிமண் கரைசல் மட்டும்தான். அதன் பெயர் ஃபிளாஷிங் ஸ்லிப்.

நம்மூர் குயவர்கள் பானைக்குச் செம்மண் கரைசல் பூசுவார்கள் இல்லையா, அதுவும் ஸ்லிப்தான். ஆனால், அதில் நிறம் மண்ணிலேயே இருக்கிறது. இதில் நிறத்தைத் தீதான் கொண்டுவர வேண்டும். விறகு எரியும்போது அதிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகித் தீயோடு ஓடும். 1,250 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அந்த ஆவி, அலுமினா அதிகமுள்ள மண்ணில் படும்போது மெல்லிய படலமாகப் படியும். மண்ணில் இருக்கும் துளியூண்டு இரும்பு அங்கே சிவக்கும். இதனால்தான் கயோலின் எனப்படும் வெண்களிமண் இதில் முக்கியச் சரக்கு. இரும்பு கூடிப்போனால் பழுப்புதான் மிஞ்சும்.

ஜப்பானின் பிஸென் ஊர்க்காரர்களுக்கு ஸ்லிப்கூடத் தேவைப்படவில்லை. பாண்டத்தில் வைக்கோலைச் சுற்றிச் சுடுகிறார்கள். வைக்கோலின் பொட்டாசியம் பட்ட இடமெல்லாம் செக்கச்சிவந்த கோடுகள். 'ஹிதாசுகி' என்று பெயர். வைக்கோல் நம்மிடம் இல்லாததா என்ன!

புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பலர் இன்று அந்த வட்டாரத்தில் சொந்தப் பட்டறை நடத்துகிறார்கள். அதனால் நம் பக்கத்திலும் விறகுச் சூளை புதிதல்ல. சிக்கல் என்னவென்றால், ஒரு சூடு முடிய ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். அவ்வளவு விறகையும் எரித்துவிட்டு, 'எந்தக் கலவை இந்த நிறம் தந்தது?' என்று விழித்தால் அத்தனையும் வீண்.

கலவையை எளிதாகத் தொடங்குங்க. கயோலின் 80 பங்கு, ஃபெல்ட்ஸ்பார் 20 பங்கு. பிறகு 70-30, 60-40 என்று மாற்றுங்க. பொடி கலக்கும்போது மாஸ்க் கட்டாயம். சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. கயோலின் நிறைந்த பூச்சைத் தடிமனாகப் போட்டால் உரிந்துவரும், மெல்லிசாகப் போதும்.

தட்டையான சில்லில் சோதிக்காதீங்க. வளைவான சிறு கிண்ணமாக இருந்தால்தான் தீ படும் பக்கமும் மறைவுப் பக்கமும் தெரியும். ஒரே கலவையில் நாலு கிண்ணம் செய்து அடுப்பு வாய் அருகே, நடுவில், பின்னால், இன்னொரு பாண்டத்தின் மறைவில் என வையுங்க. அடுப்பு வாயருகே சாம்பல் கொட்டிப் பச்சைக் கிளேஸாகி, ஸ்லிப்பையே மூடிவிடலாம். மறைவில் இருந்ததுதான் பெரும்பாலும் அழகாக வரும். பக்கத்துப் பாண்டத்தின் நிழல்கூட அதில் பதிந்திருக்கும்.

பலர் கோட்டைவிடுவது ஆறவிடும் நேரத்தில். ஆறும்போது காற்று உள்ளே போனால் இரும்பு சிவக்கும், போகாவிட்டால் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். ஒரே ஸ்லிப், இரண்டு முகம்! ஆகவே நோட்டில் கலவை, வைத்த இடம், விறகு, ஆறவிட்ட விதம் எல்லாமே இருக்கணும். கிண்ணத்தின் அடியில் எண்ணை இரும்பு ஆக்ஸைடால் எழுதுங்க. பேனா மை சூட்டில் நிற்காது.

ஆசைப்பட்ட ஆரஞ்சு கிடைத்துவிட்டதா? உடனே ஐம்பது கிண்ணத்துக்குப் பூசிவிடாதீங்க. அதே கலவையை, அதே இடத்தில், அடுத்த சூட்டிலும் ஒருமுறை வைத்துப் பாருங்க.