குரலும் உருவும்: தாமல் பட்டம்மாளின் இசைவாழ்வு

காஞ்சிபுரம் வட்டாரத்தின் பழவரலாற்றை எழுதப் புகுவார்க்கு உத்திரமேரூர்க் கோயிற் சுவர் பெருந்துணையாகும். முதற் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை (919, 921) அக்கல்வெட்டுகள் இன்றும் உரைக்கின்றன. கல்லில் வெட்டிய சொல் நிற்கும். காற்றில் கலந்த குரல் நில்லாது. ஆதலின், இசைவாணர் வரலாற்றை அவர்தம் குரலைத் தாங்கிய கருவிகளின் வரலாற்றோடு இணைத்தே ஆராய்தல் வேண்டும். அதற்குச் சான்றாக இவ்வட்டாரத்துத் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாளை (1919-2009) ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அந்நாளில் பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடும் வழக்கம் இல்லை. பட்டம்மாள் அத்தடையைக் கடந்து, 1930களில் சென்னைச் சபைகளில் பாடினார். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியையும் அரங்கிற் பாடிக் காட்டினார். 1930இல் சென்னை மாநகராட்சி வானொலியும், 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் தோன்றின. பாடுவாரின் உருவைக் காட்டாது குரலை மட்டும் இல்லந்தோறும் சேர்த்தமை வானொலியின் தனிச்சிறப்பாகும்.

திரைப்படமோ முதலில் இதற்கு மாறாக இருந்தது. பாட வல்லாரே நடித்தல் வேண்டும் என்பது அக்கால நெறி. கே. பி. சுந்தராம்பாள் 'நந்தனார்' (1935) படத்திலும், எம். எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதனம்' (1938), 'மீரா' (1945) ஆகியவற்றிலும் நடித்தே பாடினர். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' பின்னணிப் பாட்டு முறைக்கு வழிவகுத்தது. குரலும் உருவும் பிரிந்த அவ்வாயில் வழியே பட்டம்மாள் திரையுலகிற் புகுந்தார். 'தியாக பூமி' (1939) படத்தில் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடினார். அப்படத்திற்கு ஆங்கில அரசு பின்னர்த் தடை விதித்தது. 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதியார் பாடலுக்கு இவர் குரல் ஒலிக்க, குமாரி கமலா ஆடினார். 1947 ஆகஸ்டு 15 விடுதலைநாளில் வானொலியிலும் பாரதியின் பாடல் இவர் குரலில் ஒலித்தது.

பின்னணி முறையைத் தொழில் வசதி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் துணிபு. திரையில் தோன்றச் சமூகம் இசையாத பெண்களுக்கு அது வழி திறந்தது. ஆயினும், 'கேட்கலாம், காணலாகாது' என்னும் பழைய வரம்பை அது அகற்றவில்லை. அவ்வரம்பிற்கு உட்பட்டே இடம் தந்தது. சபை மேடையில் அவ்வரம்பை மீறிய பட்டம்மாள், திரையில் அதற்குள்ளேயே நின்றார். மியூசிக் அகாடமி 1970இல் 'சங்கீத கலாநிதி' விருதளித்துப் போற்றியது மேடை கண்ட அக்கலைஞரையே ஆகும். திரைமுகங்களை மட்டும் வரிசைப்படுத்தும் வரலாறு இத்தகையோரை விட்டுவிடும். குரல்களையும் கணக்கிற் கொள்ளும்போதே அது முழுமை பெறும்.