அடித்தரையை மறந்த அளவுகள்: டிரேக் நீரிணையில் நீரோட்ட ஆய்வின் வரலாறு

தென் அமெரிக்காவின் நுனிக்கும் அன்டார்க்டிக் தீபகற்பத்துக்கும் இடையே நொடிக்கு எவ்வளவு நீர் கடந்து போகிறது? 1970களின் தொடக்கத்தில் இக்கேள்விக்கு அச்சேறிய இரண்டு விடைகளை அருகருகே வைத்தால் திகைப்புதான் வரும். ஜோசப் ரீடும் வொர்த் நோவ்லினும் 1971இல் சொன்னது: 237 ஸ்வெர்ட்ரப், கிழக்கு நோக்கி. ஃபாஸ்டர் 1972இல் சொன்னது: 15 ஸ்வெர்ட்ரப், மேற்கு நோக்கி. ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர். உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டுவது ஏறத்தாழ அவ்வளவுதான். அளவு மட்டுமல்ல, திசையே புரண்டிருக்கிறது. இரு தரப்பினரும் பின்பற்றிய முறை அடிப்படையில் ஒன்றே. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நீரிணையின் அகலம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சராசரி ஆழத்தை 3 கிலோமீட்டர் என்று கொண்டால் குறுக்குவெட்டுப் பரப்பு 240 கோடி சதுர மீட்டர். அடிமட்ட வேகத்தில் நொடிக்கு 1 சென்டிமீட்டர் பிழை வந்தாலே மொத்தக் கணக்கில் 24 ஸ்வெர்ட்ரப் கூடும் அல்லது குறையும். மேற்சொன்ன இரு விடைகளுக்கும் இடையிலுள்ள பெரும் பள்ளம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேக வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. மேற்பரப்பை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், தரையை ஒட்டி நீர் என்ன செய்கிறது என்று தெரியாதவரை இந்த நீரோட்டத்தின் கணக்கு முடியாது என்பதையே டிரேக் நீரிணை ஆய்வுகள் ஒவ்வொரு கட்டத்திலும் காட்டின. ஆய்வாளர்கள் அதை ஏற்கத்தான் தாமதமாயிற்று.

கப்பல் குறிப்பேடும் புட்டிகளும்

பாய்மரக் காலத்தில் நீரோட்டம் என்பது கணக்கில் விழுந்த துண்டு. வேகத்தையும் திசையையும் வைத்துக் கப்பல் இருக்கவேண்டிய இடத்தைக் குறிப்பார்கள். பிறகு சூரியனையோ விண்மீனையோ பார்த்து உண்மை இடத்தைக் குறிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீரோட்டத்தின் பெயரில் எழுதப்படும். காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியதும், சுக்கான்காரர் அசந்துபோனதும் அதே கணக்கில்தான் சேரும். மேற்குக் காற்று ஓயாத ஹார்ன் முனைக் கடலில் இந்த முறைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஃபொன் நொய்மாயர் புட்டிகளை நம்பினார். உள்ளே கடிதம் வைத்து, கண்டெடுப்பவர் இடத்தையும் நாளையும் எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1864இல் ஹார்ன் முனை அருகே கடலில் போட்ட புட்டி ஒன்று 1867இல் ஆஸ்திரேலியாவின் தென்கரையில் கிடைத்தது. கிழக்கு நோக்கிய ஓட்டத்துக்கு அது நல்ல சாட்சி. ஆனால் புட்டிக்குத் தொடக்கமும் முடிவும் தெரியும். நடுவில் வந்த வழி தெரியாது. எந்தக் கடலடி முகட்டருகே வளைந்தது, எங்கே சுழலில் மாட்டிக்கொண்டு கிடந்தது என்பதற்கு விடை இல்லை.

அந்த முகடுகளே அப்போது யாருக்கும் தெரியாது. 1898 ஜனவரியில் 'பெல்ஜிகா' கப்பல் நீரிணையைக் கடந்தபோது ஹென்ரிக் ஆர்க்டோவ்ஸ்கி கம்பி இறக்கி ஆழம் பார்த்தார். ஆண்டிஸ் மலைக்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருப்பது தெரிந்தது. தென் துருவக் கடலின் தரையைப் பற்றிய அறிவு அத்தகைய ஒற்றைப் புள்ளிகளாகத்தான் சேர்ந்தது.

அசைவற்ற மட்டம் என்ற அனுமானம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இரண்டு வழிகள் வந்தன. ஒன்று எக்மனின் நீரோட்டமானி: சுழலி வேகத்தைக் காட்டும், சிறு குண்டுகள் காந்த ஊசியின் வழியே உருண்டு, திசைவாரியாகப் பிரித்த அறைகளில் விழும். அழகான கருவி. ஆனால் அதற்குக் கப்பல் ஓரிடத்தில் நிற்கவேண்டும். 1880களில் ஜான் பில்ஸ்பரி 'பிளேக்' கப்பலை ஃபுளோரிடா நீரிணையில் நங்கூரமிட்டு வளைகுடா நீரோட்டத்தை அளந்திருந்தார். டிரேக் நீரிணையில் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லை.

இரண்டாவது வழி, சாண்ட்ஸ்ட்ரோமும் ஹெல்லண்ட்-ஹான்சனும் 1903இல் வகுத்த கணக்கீட்டு முறை. வெப்பத்தையும் உப்பளவையும் ஆழவாரியாக எடுத்தால் நீரின் அடர்த்தி தெரியும். இரண்டு இடங்களின் அடர்த்தி வேறுபாட்டிலிருந்து அழுத்தச் சரிவும், அதிலிருந்து நீரோட்ட வேகமும் கிடைக்கும். நங்கூரம் வேண்டாம், புயல் ஓயக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் இக்கணக்கு தருவது ஒரு மட்டத்துக்கும் இன்னொரு மட்டத்துக்கும் இடையிலுள்ள வேக வேறுபாட்டை மட்டுமே. முழு வேகம் வேண்டுமானால் எங்கோ ஓர் ஆழத்தில் நீர் அசையவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த 'வைத்துக்கொள்ளல்'தான் அரை நூற்றாண்டுக் காலத் தொல்லை. திமிங்கில எண்ணெய் மீது விதித்த வரியில் 1925இல் தொடங்கிய பிரிட்டிஷ் 'டிஸ்கவரி' ஆய்வுப் பயணங்கள் தென் கடலைப் பற்றி அதுவரை இல்லாத அளவுக்குத் தரவு சேர்த்தன. அவற்றைக் கொண்டு கிளோவ்ஸ் 1933இல் 110 ஸ்வெர்ட்ரப் என்று கணித்தார். ஆழத்தில் அசைவற்ற மட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு செய்த கணக்கு அது. திமிங்கிலங்களின் இரையைத் தேடிப் போனவர்கள் உலகின் மிகப் பெரிய நீரோட்டத்துக்கு முதல் நம்பத்தக்க எண்ணைத் தந்துவிட்டு வந்தார்கள்.

முகடு ஏன் வழிகாட்டுகிறது

தரைக்கருகே நீர் அசையாது என்றால், தரையின் வடிவம் மேற்பரப்பு ஓட்டத்தைப் பாதிக்கவும் கூடாது. ஆனால் பாதிப்பது வரைபடத்திலேயே தெரிந்தது. ஸ்வெர்ட்ரப், ஜான்சன், ஃப்ளெமிங் மூவரும் எழுதி 1942இல் வந்த 'தி ஓஷன்ஸ்' நூல், முகடுகளை நெருங்கும்போது அன்டார்க்டிகாவைச் சுற்றியோடும் இந்தச் சுற்றோட்டம் வடக்கே விலகுவதையும், தாண்டியபின் தெற்கே திரும்புவதையும் சுட்டிக்காட்டியது. அனுமானமும் அவதானிப்பும் ஒரே காலத்தில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன. பெரிய சர்ச்சை ஏதும் எழவில்லை.

காரணம் நீர்த்தூணின் சுழற்சியில் இருக்கிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் நீர்த்தூண் ஒன்று ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது குட்டையாகி அகல்கிறது. அந்த இடத்தின் சுழற்சி அளவை ஆழத்தால் வகுத்தால் வரும் விகிதம் மாறாமலிருக்க வேண்டும். ஆகவே தூண் சுழற்சி குறைந்த அட்சரேகைக்கு, அதாவது நிலநடுக்கோட்டுப் பக்கமாக நகர்கிறது. ஜி.ஐ. டெய்லர் 1923இல் சுழலும் தொட்டியில் இதன் தீவிர வடிவத்தைக் காட்டினார்: அடியில் ஒரு சிறு தடை இருந்தால், அதன் மேலே உள்ள நீரும் தூணைப் போல அங்கேயே நிற்கும், மற்ற நீர் அதைச் சுற்றிப் போகும்.

எண்ணில் பார்ப்போம். தெற்கே 58 பாகையில் 4,000 மீட்டர் ஆழத்தில் வரும் நீர், 3,000 மீட்டர் ஆழமுள்ள முகட்டைத் தாண்டவேண்டும். விகிதம் முழுவதும் காக்கப்பட வேண்டுமென்றால் அது 39 பாகைக்கு அருகே, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே போய்த்தான் தாண்ட முடியும். உண்மையில் சுற்றோட்டம் சில பாகைகளே விலகுகிறது. அடர்த்தி அடுக்குகள் தரையின் பிடியைத் தளர்த்துகின்றன, ஆனால் விட்டுவிடுவதில்லை. வெப்பமண்டலக் கடல்களைப் போல இங்கே அடுக்குகள் வலுவாக இல்லை. ஆழம் கூடக்கூட வேகம் குறைகிறதே தவிர, திசை பெரும்பாலும் மாறுவதில்லை என்பதைப் பீட்டர் கில்வொர்த் 1992இல் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு விளக்கினார். இதனால்தான் மேலே மிதக்கும் நீருக்கும் மூன்று கிலோமீட்டர் கீழே கிடக்கும் பாறையின் வடிவம் எட்டுகிறது.

இதைவிட ஆழமான பார்வை 1951இலேயே வந்துவிட்டது. மேற்குக் காற்று இடைவிடாமல் தள்ளும் இந்த நீரை மறிக்கக் கண்டச் சுவர் ஏதுமில்லை. உராய்வு மட்டுமே தடுத்திருந்தால் ஓட்டம் அளக்கப்பட்டதைவிடப் பல மடங்கு பெருத்திருக்கும். தடை எங்கே? வால்டர் மங்க், எரிக் பால்மேன் இருவரும் முகடுகளைக் கைகாட்டினர். முகட்டின் மேற்குப் பக்கத்தில் நீரழுத்தம் கூடுதலாகவும் கிழக்குப் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால், காற்று கொடுத்த உந்தத்தை நீர் அந்தப் பாறையிடம் ஒப்படைத்துவிடும். தரை வழிகாட்டி மட்டுமல்ல, கடிவாளமும் அதுவே. இந்தச் சிறு கட்டுரையை, தென் கடல் இயக்கவியலில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிக முன்னோக்கானது என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் கணினி மாதிரிகள் வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

கயிறு கட்டிய கருவிகள்

அசைவற்ற மட்டத்தை விட்டுவிட்டு, ஆழத்தில் நேரடியாக அளந்த வேகத்தை அடிப்படையாகக் கொள்ளலாம் என்ற முயற்சியில் விளைந்தவையே 237உம் கழித்தல் 15உம். அவற்றுக்குப் பயன்பட்டவை குறுகிய காலத்துக்குச் சில இடங்களில் மட்டும் வைத்த கருவிகள். கடந்துபோன சுழல்களை நிலையான ஓட்டமாக எண்ணிவிட்டன. எண்ணம் சரி, அளவு போதவில்லை.

1970களின் நடுவில் தொடங்கிய பன்னாட்டுத் தென் கடல் ஆய்வுத் திட்டம் நீண்ட காலக் கருவித் தொடர்களை இறக்கியது. பிரைடனும் டேல் பில்ஸ்பரியும் 1977இல் 139 என்றனர், கூட்டியோ குறைத்தோ 36. ஓராண்டு நீடித்த 1979 தொடரிலிருந்து 134 ஸ்வெர்ட்ரப் என்ற எண் நிலைபெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகள் கணினி மாதிரிகளெல்லாம் இந்த 134ஐ உரைகல்லாகக் கொண்டன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கண்டுபிடிப்பு: ஓட்டம் நீரிணை முழுவதும் பரவிய ஒரே வெள்ளம் அல்ல; மூன்று குறுகிய விரைவோட்டங்களாகப் பிரிந்து செல்கிறது. கருவிகள் பல பத்து கிலோமீட்டர் இடைவெளியில் நின்றபோது, குறுகிய ஓட்டம் இரண்டு கருவிகளுக்கு நடுவே நழுவிப்போக நிறைய வாய்ப்பு இருந்தது.

ஒரே கண்ணில் இரண்டும்

செயற்கைக்கோள் உயரமானி கடல்மட்டத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும். நீரோட்டத்தின் குறுக்கே கடல்மட்டம் சாய்ந்திருக்கும். சுற்றோட்டத்தின் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே அது ஒரு மீட்டர் அளவிலான சரிவு. கடலடி மலையோ தன் ஈர்ப்பால் நீரை இழுத்துக் குவிக்கிறது. 2,000 மீட்டர் உயர மலையின் மேலே கடல் இரண்டு மீட்டர் வரை புடைத்திருக்கும். ஓட்டம் மலையை ஒட்டி வளைகிறது, மலையின் புடைப்பும் அங்கேயே இருக்கிறது. எது எதனுடையது என்று பிரிப்பது எப்படி? மாறாத பகுதி மலையுடையது, மாறும் பகுதி நீருடையது என்று கொண்டால் நீரோட்டத்தின் சராசரி கைவிட்டுப்போகும்.

சாரா கில் இந்த முடிச்சை 1994இல் சாமர்த்தியமாக அவிழ்த்தார். ஜியோசாட் செயற்கைக்கோள் தரவில் விரைவோட்டங்கள் அங்குமிங்கும் வளைந்து அலையும்போது விட்டுச்செல்லும் ஏற்ற இறக்கத்திலிருந்தே அவற்றின் சராசரி இடத்தையும் அகலத்தையும் மீட்டெடுத்தார். முழுச் சுற்றிலும் அவை தரையின் வடிவத்தைப் பின்பற்றுவது தெளிவாயிற்று. மூன்றாண்டு கழித்து வால்ட்டர் ஸ்மித்தும் டேவிட் சாண்ட்வெலும் அதே உயரமானித் தரவைக் கொண்டு உலகக் கடலடியின் வரைபடத்தை வெளியிட்டனர்.

வரைபடம் கிடைத்ததும் தேடவேண்டிய இடங்கள் தெரிந்தன. கெர்கேலன் கடலடிப் பீடபூமியின் நடுவே ஃபான் பள்ளம் என்ற இடுக்கு வழியே 43 ஸ்வெர்ட்ரப் அளவு நீர் பாய்வதை 2009இல் பார்க் குழுவினர் அளந்து சொன்னார்கள். அங்கே கப்பல் போக முடியாத மாதங்களில் வெப்பமும் உப்பளவும் எடுத்தவை, தலையில் கருவி ஒட்டிய யானைச் சீல்கள்.

ஒலியால் அளத்தல்

அமெரிக்க ஆய்வுக் கப்பல் 'லாரன்ஸ் எம். கூல்ட்' பால்மர் நிலையத்துக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் நீரிணையைக் கடந்தது. 1999 முதல் அதன் அடியில் டாப்ளர் நீரோட்டமானி இயங்கியது. கருவி அனுப்பும் ஒலி, நீரில் மிதக்கும் சிற்றுயிர்கள்மீதும் கிரில் கூட்டங்கள்மீதும் பட்டுத் திரும்பும். திரும்பிய ஒலியின் அதிர்வெண் மாற்றம் அவற்றைச் சுமக்கும் நீரின் வேகத்தைச் சொல்லும்.

கப்பலின் வேகம் நீரின் வேகத்தைவிடப் பத்து மடங்கு பெரிது என்பதே இதில் உள்ள கடினம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் கப்பலின் திசையறிவில் ஒரு பாகை பிழை இருந்தால், குறுக்கே நொடிக்கு 9 சென்டிமீட்டர் பொய்யான நீரோட்டம் தோன்றும். துல்லியமான ஜி.பி.எஸ். இல்லாமல் இந்த முறை தலையெடுத்திருக்காது. புயலில் கப்பலடியில் நுரை புகுந்தால் கருவி குருடாகிவிடும்.

முதல் கருவி சுமார் 300 மீட்டர் ஆழம் வரை எட்டியது. 2004இல் சேர்த்த தாழ்ந்த அதிர்வெண் கருவி ஒரு கிலோமீட்டர் வரை. இவோன் ஃபயரிங் குழுவினரின் 2011 ஆய்வில் மேல் ஒரு கிலோமீட்டரில் மட்டும் 95 ஸ்வெர்ட்ரப் கிடைத்தது. கீழே உள்ளதை நீட்டித்துக் கணக்கிட்டபோது மொத்தம் 154, ஆனால் பிழை எல்லை 38. மேலே பிழை 2 மட்டுமே. ஐயமெல்லாம் கருவி எட்டாத ஆழத்தில் குவிந்திருந்தது.

அந்த ஐயத்தைத் தீர்க்கக் கருவியையே தரையில் வைத்தார்கள். சி-டிரேக் திட்டம் 2007 முதல் 2011 வரை நீரிணையின் அடியில் வரிசையாக வைத்த கருவிகள், மேற்பரப்புக்கு ஒலி அனுப்பித் திரும்பும் நேரத்தையும், தரையழுத்தத்தையும், தரைக்குச் சற்று மேலே நீரோட்டத்தையும் பதிந்தன. டோனஹியூ குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவு 173 ஸ்வெர்ட்ரப். அதில் தரையருகே நீர் அசைவற்றது என்று கொண்டாலும் கிடைக்கும் பகுதி ஏறத்தாழ 128. மீதி 45 தரையை ஒட்டிய ஓட்டத்திலிருந்து வந்தது. 134 என்ற பழைய எண் தவறிய இடம் எது என்பதை இந்தப் பிரிப்பு காட்டுகிறது.

புதிய எண்ணும் கடைசி எண் அல்ல. தரையோட்டம் முகட்டுக்கு முகடு மாறுவதால், கருவிகளின் இடைவெளியைவிடச் சிறிய மேடுகள் அதை எப்படித் திருப்புகின்றன என்பது கேள்வியாகவே நிற்கிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் கடல்மட்டத்தைக் கோடாக அல்லாமல் பட்டையாகப் பார்க்கிறது; முன்பு தென்படாத சிறு சுழல்களும், முன்பு தென்படாத கடலடிக் குன்றுகளும் அதே தரவில் வெளிவரத் தொடங்கியுள்ளன. கப்பல் ஒலிமானியால் நேரடியாக அளந்த கடலடியின் பங்கு உலகளவில் இன்னும் மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. சுற்றோட்டத்தின் பாதையில் பெரும்பகுதி அந்த அளக்கப்படாத பக்கத்தில்தான் இருக்கிறது.